பாஸ்போர்ட் யார் கையில் இருக்க வேண்டும்?

சென்ற மாதம் ஷீபா தொலைபேசியில் கூப்பிட்டாள். நெய்யாற்றின்கரையில் நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த பயண நிறுவனத்தில் இப்போது குழுக்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்கிறவள் அவள்தான். யோர்தானுக்கும் எகிப்துக்கும் போகவிருக்கிற ஒரு சபைக் குழுவின் வாட்ஸ்அப்பில் பெரிய வாக்குவாதமாம். ஊர் சுற்றும்போது பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோக வேண்டுமா, ஓட்டல் லாக்கரில் வைத்துவிட்டுப் போகலாமா, போனில் ஒரு படம் இருந்தால் போதாதா என்று ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்களாம்.

"லில்லி அக்கா, நீங்க ஒரு வரி சொல்லுங்க. உங்க பேரப் போட்டு குரூப்புல இட்டா எல்லாரும் அடங்கிருவாங்க."

"ஒரு வரியில ஒதுங்காது பிள்ளே" என்றேன்.

அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

நான் பாறசாலைக்காரி. பட்டப்படிப்பு முடித்து, தட்டச்சு கற்று, இரண்டு வருடம் வேலை தேடி அலைந்த பிறகு, நெய்யாற்றின்கரை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். முதலில் கடிதம் அடித்தேன். பிறகு டிக்கெட் போடக் கற்றேன். எட்டாவது வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இஸ்ரயேல், யோர்தான், எகிப்து என்று சுற்றிவரும் அடுத்த பரிசுத்த நாட்டுப் பயணத்துக்கு நீ குழுத் தலைவியாகப் போ என்றார். அதுவரை நான் திருவனந்தபுரத்துக்கு வடக்கே போனதில்லை.

அந்த முதலாளி ஆசீர் சார். பம்பாயில் ஒரு விமான நிறுவனத்தின் கவுண்டரில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து தொழில் தொடங்கியவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அப்போது நாங்கள் மேசைமேல் குனிந்து காது கொடுக்க வேண்டியிருக்கும். அதுவே தண்டனை.

பாஸ்போர்ட்டைக் கையாளுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிராயரில் வைப்பார், அதன் வார் அட்டையில் கீறல் போடும் என்று. பாஸ்போர்ட் இருக்கிற மேசைக்குத் தேநீர் வரக்கூடாது. ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் டிக்கெட்டில் உள்ளதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, காலாவதிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதா, வெற்றுப் பக்கம் எத்தனை, ஈரம்பட்டு ஊதியிருக்கிறதா என்று பார்ப்பார். பின் அட்டையில் வரிசை எண் எழுதிய சிறிய ஒட்டுச்சீட்டு. இரண்டு நகல். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று பயணிக்கு. எல்லாம் முடிந்து பயணியை எதிரே உட்காரவைத்து, படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, பெயரை வாய்விட்டு ஒருமுறை படிப்பார்.

ஒருநாள் நான் அவசரத்தில் பாஸ்போர்ட் கட்டொன்றை ரப்பர் வளையம் போட்டு மேசைமேல் எறிந்துவிட்டேன். அவர் அந்த வளையத்தை மெதுவாகக் கழற்றினார்.

"லில்லி, இது தாளு இல்ல கேட்டியா. ஆளாக்கும். ஆள இப்பிடி எறிவியா?"

அதோடு அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. விமானம் இறங்கி வெளிநாட்டு மண்ணில் கால் வைத்ததும் குழுவின் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் தலைவியின் பைக்கு வந்துவிட வேண்டும். பழுப்பு நிறத் தோல் பை. நெஞ்சுக்குக் குறுக்கே வாரைப் போட்டு முன்பக்கம் தொங்கவிட வேண்டும். எல்லை வரும்போது கொடுத்து, தாண்டியதும் திரும்ப வாங்கிவிட வேண்டும். தொலையாது, மறக்காது என்பது பயணிகளுக்குச் சொல்லும் காரணம். எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு. இன்னொரு ஊர் நிறுவனத்தின் குழுவிலிருந்து இருவர் இஸ்ரயேலில் இறங்கி வேலைக்கு ஓடிப்போய்விட்டார்கள். அந்த நிறுவனத்துக்கு அதற்குப் பிறகு அங்கே விசா கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் நம் பையில் இருந்தால் ஆள் ஓடமாட்டான் என்பதுதான் அந்தத் தோல் பையின் கணக்கு.

நான் அதைக் கேள்வி கேட்டதில்லை. முப்பது நாற்பது பேரின் பாஸ்போர்ட் நெஞ்சில் கனப்பது எனக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

இனி வின்சென்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குன்னத்துகாலில் ரப்பர் பால் வெட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான, கூச்சப்படுகிற மனிதர். அந்தக் குழுவில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். பெரும்பாலும் தம்பதிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இவர் மட்டும் தனியாக வந்தவர். எல்லாரும் பெட்டி நிறைய உடுப்பு கொண்டுவந்தபோது இவர் பெட்டியில் பாதிக்குமேல் தின்பண்டம். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வறுவலும். யோர்தான் எல்லையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்ன அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லை தாண்டி இஸ்ரயேலில் கலிலேயாவுக்கு வந்து திபேரியாவில் ஓட்டலில் இறங்கிய அன்று சாயங்காலம், மற்றவர்கள் ஏரிக்கரைக்குப் போனபிறகு வின்சென்ட் என்னிடம் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு காரியம் உண்டு. செய்வியளான்னு தெரியாது. கேக்காம இருக்கவும் முடியல."

"சொல்லுங்க."

"எனக்க பெண்டாட்டி இஞ்சதான் இருக்கா. ஹைஃபாவுல. ஒரு அம்மச்சிய நோக்குற வேல. போயி நாலு வருஷம் ஆச்சு. லீவு எடுத்தா வேல போயிருமோன்னு பேடிச்சு வரல்ல. நாளைக்கு காலத்த வருவா. என்னக் கூட்டிட்டுப் போயி மத்தியானம் கழிஞ்சு பஸ்ஸு ஏத்தி விட்டிருவா. நாலு மணிக்கு இஞ்ச நிப்பேன்."

இத்தனை வருடத்தில் நான் பயந்துகொண்டிருந்த வாக்கியம் இதுதான். குழுவை விட்டு ஒருவரும் தனியே போகக்கூடாது என்பது எங்கள் சட்டம். அந்த நாட்டில் எங்களுக்கு ஏற்பாடு செய்து தருகிற உள்ளூர் முகவரின் சட்டமும் அதுவே. ஒவ்வொரு நாளும் மாலை அவர் கூப்பிட்டு எண்ணிக்கை கேட்பார். ஒரு தலை குறைந்தால் அன்றைக்கே அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும்.

"நீங்க இத ஊர்லயே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்பியளா அக்கா?"

கூட்டி வந்திருக்க மாட்டோம்.

அவரே தொடர்ந்தார். "பாஸ்போர்ட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் அதக் கேக்கல்ல. அது உங்க பையில கெடந்தா உங்களுக்கு ஒரு ஒறப்பு உண்டுல்லா. நகலு எனக்க பாக்கெட்டுல இருக்கு."

அந்தப் பேச்சுதான் என்னை இளக்கியது. சரி என்றேன். பாஸ்போர்ட்டை நான் வைத்துக்கொள்கிறேன் என்பதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னேன். அப்படிச் செய்ததில் நான் கெட்டிக்காரி என்றே நினைத்தேன். அவருக்கும் ஆசை நிறைவேறும், எனக்கும் பிணை இருக்கும்.

காலையில் வின்சென்டின் மனைவி ஷைலா வந்தாள். ஓட்டல் வாசலில் இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. எதிரெதிரே நின்று சிரித்தார்கள். "மெலிஞ்சு போனிய" என்றாள் அவள். அவர் தின்பண்டப் பையை அவளிடம் நீட்டினார். பிறகு இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அவள் ஒரு எட்டு முன்னால், இவர் பின்னால், நம்மூரில் சந்தைக்குப் போகிற மாதிரி.

நாங்கள் படகில் ஏறினோம், மலைப்பிரசங்க மலைக்குப் போனோம், கப்பர்நகூமில் வெயிலில் நின்று பாட்டுப் பாடினோம். மாலை நாலு மணிக்கு ஓட்டலுக்குத் திரும்பினோம். வின்சென்ட் வந்திருக்கவில்லை.

நாலரை ஆயிற்று. ஷைலாவின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வின்சென்டின் போனில் அந்த நாட்டு இணைப்பு இல்லை. ஐந்து மணிக்கு முகவர் கூப்பிட்டார்.

"எத்தனை பேர்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முப்பத்தேழு" என்றேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: ஆறு மணிவரை பார்ப்பேன், அதற்குப் பிறகு அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவேன், உன் நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்கும்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தோல் பையைத் திறந்தேன். இருபத்தேழாவது எண். படத்தில் அவர் கழுத்துவரை பொத்தான் போட்டு விறைப்பாக இருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அப்பா பெயர், அம்மா பெயர், அதற்குக் கீழே மனைவியின் பெயர் ஷைலா. குன்னத்துகால் வீட்டு விலாசம். உள்ளே, எல்லையில் தந்த சிறிய நீலச் சீட்டு. சுற்றுலாப் பயணியாக முறைப்படி நாட்டுக்குள் வந்தவர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. முத்திரை குத்துவதற்குப் பதிலாக அந்த நாட்டில் அதைத்தான் தருவார்கள். அதையும் நான் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஐந்து மணிக்கு நான் அவரை நம்பவில்லை. ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். அவரைத் திட்டினேன். என்னையும் திட்டினேன். நாலு வருடம் பிரிந்த மனைவி பக்கத்தில் இருக்கிறாள், எவன் திரும்பி வருவான் என்று எனக்கே தோன்றியது.

ஆசீர் சாருக்கு அடித்தேன். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சட்டத்தை மீறியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் குரல் மிகவும் தணிந்தது. போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"ஆளு எப்படிப்பட்டவன்?"

"நல்ல ஆளுன்னுதான் நெனச்சேன் சார். இப்பம் தெரியல."

"நெனச்சது இண்ணைக்குக் காலத்தயா, அஞ்சு மணிக்கா?"

"காலத்த."

"அப்பம் காலத்த நெனச்சதுலயே நில்லு. அவன் ஓடியிருந்தா நாளைக்கும் ஓடிட்டுதான் இருப்பான், நாளைக்கு எழுதிக் குடுக்கலாம். ஓடல்லன்னா இண்ணைக்கு நீ எழுதிக் குடுத்தது அவன் ஜீவிதத்துக்கும் நிக்கும். முகவர்ட்ட நான் பேசுறேன். எனக்க பேர்ல ஒரு நாளு கேக்குறேன். நீ ஆளத் தேடு."

போனை வைத்தேன். இருபது வருடம் கட்டிய தொழிலை ஒரு ரப்பர் வெட்டுகாரரின் பேரில் அவர் வைத்துவிட்டார். அந்த ஆளை அவர் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார், பெயரை வாய்விட்டுப் படித்த அந்த ஒரு தடவை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஷைலாவின் அழைப்பு வந்தது. அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, அவங்கள போலீசு பிடிச்சு வச்சிருக்கு! பஸ்ஸு ஸ்டாண்டுல! நான் ஏத்தி விடணும்னு நெனச்சு வாசல்வரை போனேன், அம்மச்சிக்கு மருந்து குடுக்க நேரமாச்சுன்னு திரும்பிட்டேன். சத்தத்தக் கொறச்சு போன சார்ஜுல போட்டவ, அம்மச்சிய குளிப்பிச்சு உறக்கினதுல மறந்துட்டேன். இப்பந்தான் பாத்தேன், பன்னிரண்டு மிஸ்டு கால்!"

நடந்தது இது. ஹைஃபா பேருந்து நிலையத்துக்குள் போக எல்லாரையும் சோதித்துத்தான் விடுவார்கள். காவலாளி பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார். வின்சென்ட் நகலைக் காட்டினார். நகலில் பெயரும் படமும் உண்டு, ஆனால் அவர் எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார், எத்தனை நாள் இருக்கலாம் என்பது இல்லை. அது நீலச் சீட்டில் இருக்கிறது. நீலச் சீட்டு என் பையில். அனுமதியில்லாமல் வேலை செய்கிறவர் என்று சந்தேகப்பட்டு ரோந்துப் போலீசை அழைத்துவிட்டார்கள். அவர்கள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. இரண்டு மணிக்கே பிடித்திருக்கிறார்கள். இவருக்குத் தமிழும் மலையாளமும் தவிர வேறு பாஷை தெரியாது. சட்டைப் பையில் எழுதி வைத்திருந்த ஷைலாவின் எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், போலீசும் அதற்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் பேருந்து ஓட்டுநர் யூசுப் நாசரேத்துக்காரர். அன்றைய வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர். நான் தோல் பையோடு வாசலுக்கு ஓடிவந்ததைப் பார்த்து என்ன என்றார். சொன்னேன். தன் சொந்தக் காரின் கதவைத் திறந்து, "உட்கார்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மணி நேரப் பயணம். வழியில் தண்ணீர்ப் போத்தலை இரண்டு முறை நீட்டினார்.

காவல் நிலையத்துக்குள் போகும்போது வெயில் முழுதாக இறங்கியிருக்கவில்லை. சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதில் வின்சென்ட். பக்கத்தில் ஷைலா. அவர்களுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு முதிய அம்மாள். வெள்ளை முடி, மடியில் முந்திரிக்கொத்துப் பை. தொண்ணூறு வயதுக்குக் குறையாது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரியைப் பார்த்து எபிரேயத்தில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"இவங்கதான் ரிவ்கா அம்மச்சி" என்றாள் ஷைலா. "தனியே விட்டுட்டு வர முடியாது, அதான் உந்திட்டு வந்தேன். வந்ததுல இருந்து போலீசுக்கு ஏச்சுதான்."

"என்ன சொல்லுறாங்க?"

"'இவன் இண்ணைக்கு எனக்க வீட்டு விருந்தாளி. விருந்தாளிய இப்பிடியா உக்கார வைக்கியது? நான் இந்த நாட்டுக்கு கப்பல்ல வந்தப்பம் எனக்க கையில ஒரு துண்டுத் தாளும் கெடையாது. என்ன யாரு பிடிச்சா?'ன்னு கேக்குறாங்க."

நான் பாஸ்போர்ட்டையும் நீலச் சீட்டையும் மேசையில் வைத்தேன். பெண் அதிகாரி சீட்டின் எண்ணைக் கணினியில் தட்டினார். படத்தைப் பார்த்தார், வின்சென்டைப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ்போர்ட்டை மூடி என் பக்கம் நீட்டினார். நான் கை நீட்டினேன். அவர் அதைக் கொடுக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"இது ஏன் உன்னிடம் இருந்தது?"

பத்துப் பதினைந்து பயணங்களில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பாதுகாப்புக்காக என்றேன்.

"யாருடைய பாதுகாப்புக்கு?" என்றார். குரலில் கடுமை இல்லை. பிறகு எழுந்து வந்து பாஸ்போர்ட்டை வின்சென்டின் கையில் கொடுத்தார். போகிற போக்கில் ஷைலாவிடம் ஏதோ சொன்னார். அவள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள்: "ஓடிப்போறவன் பஸ்ஸு ஸ்டாண்டு வாசலுக்கு வரமாட்டான்னு எனக்கு ரெண்டு மணிக்கே தெரியும், ஆனா சீட்டு பாக்காம விட எனக்கு அதிகாரம் கெடையாதுன்னு சொன்னாங்க அக்கா."

அந்த அதிகாரிக்கு இரண்டு மணிக்கே தெரிந்தது, ஐந்து மணிக்கு எனக்குத் தெரியவில்லை. வின்சென்டின் முன்னால் போய் நின்றேன்.

"தப்பு எனக்குள்ளது வின்சென்ட். பாஸ்போர்ட்டத் தந்து விட்டிருக்கணும். நீங்க ஓடிட்டியன்னு நான் நெனச்சேன். மன்னிக்கணும்."

அவர் பதறிப்போய் எழுந்துவிட்டார். "ஐயோ, அப்பிடிச் சொல்லாதிய அக்கா. நாலு வருஷம் கழிச்சு அவகூட அஞ்சு மணிக்கூர் இருக்கலாம்னு வந்தேன். போலீசு புண்ணியத்துல கொஞ்சம் கூடுதல் கிட்டிச்சு."

அவர் முன்னால் ஷைலா முதன்முதலாக அப்போதுதான் அழுதாள். ரிவ்கா அம்மாள் பையிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அது கடிக்க முடியாமல் இருந்திருக்க வேண்டும் அவருக்கு. ஒரு பக்கம் பல் பட்ட அடையாளத்தோடு இருந்த ஒன்று மடியில் கிடந்தது.

திபேரியாவுக்குத் திரும்பியபோது குழுவோடு வந்திருந்த போதகரும் மற்றவர்களும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். முகவருக்கு நானே அடித்து "முப்பத்தெட்டு" என்றேன். அவர் "உன் முதலாளி என்னிடம் இருபது நிமிடம் பேசினார். என்ன சொன்னார் என்று பாதி எனக்குக் கேட்கவே இல்லை" என்றார்.

ஊர் திரும்பிய அன்று ஆசீர் சார் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அவர் அப்படி வருகிற வழக்கமே கிடையாது. எனக்கு ஏச்சு உண்டு என்று நினைத்தேன். வின்சென்டின் கையைக் குலுக்கினார், என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கார்வரை வந்தார், அவ்வளவுதான். முகவரின் தலைமை அலுவலகத்திலிருந்து புகார்க் கடிதம் வந்ததும், அதற்கு என்னிடம் சொல்லாமல் அவரே பதில் எழுதியதும் பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கோப்பில் நகலைப் பார்த்தேன். அந்தப் பயணி தனியே போனது தன் அனுமதியோடு என்றும், குழுத் தலைவி தன் சொற்படியே நடந்தாள் என்றும் எழுதியிருந்தார். உண்மையில் அவருக்கு அது தெரிந்தது ஐந்து மணிக்குப் பிறகு. அவர் எழுதியதில் நான் பார்த்த ஒரே பொய் அது.

அடுத்த குழுவுக்கு வேலை தொடங்கிய காலையில் தோல் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். எதிரே என்னை உட்காரச் சொன்னார்.

"அந்த போலீசுக்காரி கேட்டாளே, யாருக்க பாதுகாப்புன்னு. எனக்குப் பதிலு இல்ல லில்லி. அவனவனுக்க பாஸ்போர்ட்டு அவனவன்கிட்ட இருக்கட்டும்."

"ஓடுனா சார்?"

"ஓடுறவன பை பிடிச்சு நிறுத்தாது. ஓடாதவனத்தான் அது ஓட்டாண்டி ஆக்கும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணிக்கும் கழுத்தில் மாட்டி உடுப்புக்குள் போட்டுக்கொள்ளும் ஒரு துணிப்பை. பாஸ்போர்ட், நுழைவுச் சீட்டு, எங்கள் எண், ஓட்டல் விலாசம் எல்லாம் அதற்குள். நகல்கள் என்னிடம்.

இதோடு தொல்லை தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொல்லை வேறு உருவத்தில் வந்தது. கழுத்தில் மாட்டியது கழுத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னதைக் காஞ்சிரங்குளத்துத் தலைமையாசிரியர் ஒருவர் அப்படியே கடைப்பிடித்தார். யோர்தான் நதியில் வெள்ளை அங்கி மாட்டி மூழ்கும்போதும் கழற்றவில்லை. மூன்று முறை மூழ்கி எழுந்து பரவசத்தோடு கரையேறினார். அங்கிக்குள்ளிருந்து துணிப்பை சொட்டிக்கொண்டிருந்தது.

"கழுத்துல இருந்து எடுக்கப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய!" என்று என்னிடமே கோபப்பட்டார்.

அன்று ஓட்டல் அறையில் தலைமுடி உலர்த்தும் கருவியைத் தூரத்தில் பிடித்து, பக்கம் பக்கமாக உலர்த்தினேன். பக்கங்களுக்கு இடையில் வெள்ளைக் காகிதம் வைத்து, அவருடைய பெரிய வேதாகமத்துக்கு அடியில் இரவெல்லாம் அழுத்தி வைத்தோம். ஓரங்கள் அலையடித்தன. படமும் எழுத்தும் தப்பின. எகிப்து எல்லையில் அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான் நடந்ததைச் சொன்னதும் வெள்ளை முடித் தலைமையாசிரியரைப் பார்த்தார். "இதுவும் ஞானஸ்நானம் எடுத்ததா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு முத்திரை குத்தினார். தடுத்திருந்தால் தடுத்திருக்கலாம். அந்தச் சிரிப்புக்கு நான் கடன்பட்டவள்.

கள்ளிக்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, கழுத்துப் பை உறுத்துகிறது என்று கெய்ரோ ஓட்டலில் பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தார். விமான நிலைய வாசலில்தான் நினைவு வந்தது. ஓட்டலுக்கு அடித்தபோது அந்த உறை சலவைக்குப் போய்விட்டிருந்தது. சலவை அறையில் வேலை பார்க்கும் ஒரு நடுவயதுக்காரர் அழுக்கு மூட்டைகளைக் கொட்டித் தேடி எடுத்து, மோட்டார் சைக்கிளில் விமான நிலையம்வரை கொண்டுவந்து தந்தார். பெயர் கேட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, ஷீபாவின் குழுவுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிற நாளில் பாஸ்போர்ட் உங்கள் உடம்பில் இருக்கட்டும், கைப்பையில் அல்ல. நுழைவுச் சீட்டு தந்தால் அதையும் பிரிக்காதீர்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடலில் குளிக்கவோ கடைத்தெருவில் நடக்கவோ போகிறீர்கள், அந்த நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் தருகிறது என்றால், பூட்டுள்ள லாக்கரில் வையுங்கள். அப்போது மறுநாள் போட வேண்டிய செருப்பில் ஒன்றையும் கூடவே வையுங்கள், மறக்க மாட்டீர்கள். போனில் உள்ள படம், பாஸ்போர்ட் தொலைந்தபிறகு உதவும், தொலையாதபோது காவலாளியிடம் உதவாது. எதுவானாலும் இன்னொருவர் பையில் மட்டும் போடாதீர்கள், அந்தப் பை என்னைப் போன்ற நல்லெண்ணக்காரியின் பையாக இருந்தாலும்.

ஷைலா அந்தப் பயணத்துக்கு இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தாள். ரிவ்கா அம்மாள் காலமான பிறகு. இப்போது குன்னத்துகாலில் சிறிய கடை வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போனால் இறங்காமல் வர விடமாட்டார்கள். ஆசீர் சார் இன்று இல்லை. அவர் அடக்கத்துக்கு வின்சென்ட் வெள்ளை வேட்டி கட்டி வந்து, கடைசி ஆள் போகிறவரை கல்லறைத் தோட்ட வாசலில் நின்றிருந்தார்.

என் கடைசிப் பயணம் முடிந்து திருவனந்தபுரத்தில் இறங்கிய காலை நினைவிருக்கிறது. நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவரும் தங்கள் துணிப்பையைத் திறந்து, தங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து, தாங்களே கவுண்டரில் நீட்டினார்கள். ஒருவரும் என்னைத் தேடவில்லை. வயதான ஒரு அம்மா அதிகாரியின் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். நான் வரிசையின் கடைசியில் நின்றேன். கையில் என்னுடைய ஒரே ஒரு பாஸ்போர்ட்.

"குரூப்பின்டே லீடர் அல்லே? கூடெ எத்ர பேருண்டு?" என்று மலையாளத்தில் கேட்டார் அதிகாரி. குழுத் தலைவியோடு எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"எல்லாரும் போயாச்சு சார்" என்றேன். "நான் மட்டுந்தான் பாக்கி."

அவர் முத்திரையைக் குத்தி என் கையில் தந்தார்.